ஏரோ பூக் நிஜமாவே கிராண்ட்மாஸ்டரா, இல்ல பொன்னாடையா?

கேள்விய மறுபடி ஒரு தடவ சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், ஏன்னா நீங்க கேட்டதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. செஸ் உலக சாம்பியன் அலெக்கைனோட பெஸ்ட் கேம்ஸ் பாத்துட்டு இருக்கும்போது 1938-ல ஏரோ பூக்னு ஒரு ஃபின்லாந்துக்காரர் செமத்தியா அடி வாங்குறத பாத்தீங்க, யாருடா இதுன்னு தேடுனா 1984-ல கிராண்ட்மாஸ்டர்னு வருது, ஆனா இன்னொரு பக்கத்துல ஃபின்லாந்தோட முதல் கிராண்ட்மாஸ்டர் ஹெய்க்கி வெஸ்டெரினென், வருஷம் 1975-னு இருக்கு, "அப்ப ஏரோ பூக்குக்கு குடுத்தது வயசான காலத்துல போத்துன பொன்னாடையா"ன்னு கேட்டிருக்கீங்க. டைட்டில் கேள்விக்கு ரெண்டு வரில பதில் சொல்லிடலாம். ஆனா நீங்க நிஜமா தெரிஞ்சுக்க நினைக்கிறது அந்த மனுஷன் எவ்ளோ ஸ்ட்ராங்கான பிளேயர்ங்கறததான்னு எனக்கு தோணுது, அதனால பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், பெரிய மாஸ்டர் எல்லாம் இல்ல. இருபது வருஷத்துக்கு மேல சின்ன பசங்களுக்கு செஸ் கத்துக்குடுக்கறவன், பழைய டோர்னமெண்ட் டேபிள் எல்லாம் நோண்டிட்டு இருக்கறது ஒரு பைத்தியம், அவ்ளோதான். ஒரு பொசிஷன்ல யாரு கை ஓங்கியிருக்குன்னு நான் சொல்றத விட உங்க ஃபோன்ல இருக்குற செஸ் எஞ்சின் நல்லா சொல்லும். ஆனா ஒரு பிளேயரோட வாழ்க்கைய எஞ்சின் கிட்ட குடுத்து மார்க் வாங்க முடியாது. இன்னொன்னு, இந்த பேர "புக்"னு படிக்காதீங்க, ஏன்னு சொல்றேன், அதுல வர்ற சத்தம் தமிழ்ல கிடையாது, 'ஏ'ன்னு சொல்ற மாதிரி நாக்க வச்சுக்கிட்டு உதட்ட 'ஓ'வுக்கு குவிச்சா வர்ற சத்தம். எழுத வேற வழி இல்லாம பூக்னே எழுதுறேன்.

டைட்டில் விஷயம். 1984-ல ஃபிடே, அதாவது உலக செஸ் சம்மேளனம், அவருக்கு குடுத்தது கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம். வழக்கமா கிராண்ட்மாஸ்டர் (ஜிஎம்) ஆகணும்னா நார்ம் எடுக்கணும், அதாவது பலமான டோர்னமெண்ட்கள்ல இவ்வளவு பாயிண்ட்னு அடிச்சு காட்டணும். கௌரவ பட்டத்துக்கு அது தேவையில்ல, பழைய காலத்துல நீங்க ஆடுன ஆட்டத்த திரும்பிப் பாத்து குடுக்கறது. அவருக்கு அப்ப வயசு 74. முந்தின வருஷம் 1983-ல சுவீடனோட எரிக் லுண்டினுக்கும் இப்படிதான் குடுத்தாங்க, இந்த பேர ஞாபகத்துல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வருவாரு. 1966-லயே மறைஞ்சு போன மிர் சுல்தான் கானுக்கும் 2024-ல இதே பட்டம்தான் வந்துச்சு, நியூஸ்ல பாத்திருப்பீங்க. ஆக, நார்ம் எடுத்து முழு ஜிஎம் ஆன முதல் ஃபின்லாந்துக்காரர் வெஸ்டெரினென், அதுல சந்தேகமே கிடையாது, குவிஸ்ல கேட்டா அந்த பேரத்தான் எழுதணும். டைட்டில் கதை இதோட முடிஞ்சுது, ஆனா பொன்னாடைன்னு நீங்க சொன்னதுலதான் எனக்கு சண்டை.

பூக் 1910 பிப்ரவரில ஹெல்சிங்கில பொறந்தவரு, அப்ப ஃபின்லாந்து தனி நாடே இல்ல, ரஷ்ய சாம்ராஜ்யத்துக்குள்ள இருந்துச்சு. தொழில் இன்ஜினியர். இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா அவரு கேரியர்ல பாதி விஷயம் இந்த ஒரு வார்த்தையிலயே விளங்கிடும். 1930கள்லயே உள்ளூர் சாம்பியன், 1935 வார்சா செஸ் ஒலிம்பியாட் (நாடுகள் டீமா மோதுற போட்டி), 1937 ஸ்டாக்ஹோம் ஒலிம்பியாட் ரெண்டுலயும் ஃபின்லாந்து டீம்ல ஆடியிருக்காரு. அதே 1937-ல லாட்வியாவோட கெமெரில ஒரு பெரிய டோர்னமெண்ட், 18 பேர், ஃப்ளோர், பெட்ரோவ்ஸ், ரெஷெவ்ஸ்கி மூணு பேரும் முதலிடத்துல டை, அலெக்கைனும் கேரஸும் அதுக்கு கீழ, ஃபைன், டார்டகோவர், ஸ்டால்பெர்க் எல்லாம் இருந்த கூட்டம். அந்த கூட்டத்துல நம்ம இன்ஜினியரும் இருந்தாரு. அடுத்த வருஷம் இங்கிலாந்துல மார்கேட். நீங்க பாத்த கேம் அங்க நடந்ததுதான்.

அந்த கேம பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். அலெக்கைன் அதுக்கு சில மாசம் முன்னாடிதான், 1937 டிசம்பர்ல, யூவே கிட்ட இருந்து உலக சாம்பியன் பட்டத்த திருப்பி வாங்கியிருக்காரு, செம ஃபார்ம். குயின்ஸ் கேம்பிட் அக்செப்டட்ங்கற தொடக்கம், எல்லாம் தெரிஞ்ச பாதைதான். பூக் கருப்பு, குயின் பக்கம் சிப்பாய்கள தள்ளிக்கிட்டே போய் ஒன்பதாவது மூவுல பி4 (இப்படி வர்றதெல்லாம் போர்டுல கட்டத்தோட பேரு) தள்ளுறாரு, சி3-ல நிக்கிற வெள்ளைக் குதிரைய விரட்டலாம்னு. பாக்க ரொம்ப இயல்பான மூவ், நானும் அததான் ஆடியிருப்பேன், நீங்களும் அததான் ஆடியிருப்பீங்க. குதிரை நகரல. அதுக்கு பதிலா நடுவுல டி5. கருப்பு ராஜா இன்னும் காஸில் பண்ணி ஓரமா பத்திரமா போகல, நடு பத்தி திறக்குது, ஏ4-ல பிஷப் வந்து செக், டி7-ல பிஷப்ப வச்சு மறைக்கிறாரு, அப்புறம் அலெக்கைன் குதிரைய அப்படியே வெட்டு குடுத்துட்டு யானைய டி1-க்கு கொண்டு வர்றாரு. பூக் குதிரைய வெட்டுறாரு. யானை டி7-ல பாஞ்சு பிஷப்ப வெட்டுது, அந்த யானையும் போகுது, இன்னொரு குதிரை இ5-ல வந்து உக்காருது. இதோட விடல, இந்த மொத்த களேபரத்துக்கு நடுவுல பதினாறாவது மூவுல அலெக்கைன் நிதானமா சி3-ல நிக்கிற சிப்பாய வெட்டுறாரு பாருங்க, அங்கதான் எனக்கு மயிர்க்கூச்செரியும். கணக்கு போட்டா கிட்டத்தட்ட ஒரு முழு யானை குறைவு, செக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, சாவகாசமா ஒரு சிப்பாய எடுத்துக்கறாரு. இருபத்தஞ்சாவது மூவுல முடிஞ்சிடுது.

இந்த கேம நான் வருஷக்கணக்கா கிளாஸ்ல காட்டிட்டு வர்றேன். ஒரு விஷயம் ஒத்துக்கணும், ரொம்ப நாள் என் கிளாஸ்ல பூக்னா "அலெக்கைன் கிட்ட அடி வாங்குனவரு", அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. இது நம்ம எல்லாருக்கும் இருக்குற கெட்ட பழக்கம், புகழ்பெற்ற கேம்ல தோத்தவன ஏதோ சும்மா வந்தவன்னு நெனச்சுக்கறது. உண்மை என்னன்னா சும்மா வந்தவன் கிட்ட ஜெயிச்ச கேம் புகழ் பெறாது, எதிர்ல இருக்கறவன் ஒவ்வொரு மூவும் நியாயமா ஆடணும், அப்பதான் தியாகம் தியாகமா தெரியும்.

என் எண்ணத்த மாத்துனது 1948 சால்ட்ஷோபாடன் டேபிள். இது சுவீடன்ல ஸ்டாக்ஹோம் பக்கத்துல ஒரு ஊரு, ஃபிடே நடத்துன முதல் இன்டர்சோனல் அங்கதான் நடந்துச்சு, உலக சாம்பியன்ஷிப்புக்கு போற பாதையில முக்கியமான படி, 20 பேர், 19 ரவுண்டு, ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரோட. முந்தின வருஷம் 1947-ல ஹெல்சிங்கில நடந்த நார்டிக் சாம்பியன்ஷிப்ப பூக் ஜெயிச்சிருந்தாரு. இன்டர்சோனல்ல முதலிடம் ப்ரான்ஸ்டைன் 13½, அப்புறம் சாபோ 12½, போலெஸ்லாவ்ஸ்கி 12, கோடோவ் 11½, லிலியென்தால் 11. அதுக்கு கீழ 10½-ல போண்டரெவ்ஸ்கி, நஜ்டோர்ஃப், ஸ்டால்பெர்க், ஃப்ளோர் நாலு பேரும், 10-ல ட்ரிஃபுனோவிச். அடுத்து 9½ பாயிண்ட்ல மூணு பேரு: பிர்ச், கிளிகோரிச், பூக். 19-க்கு 9½, சரியா பாதி. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா கீழ யாரு இருக்கான்னு பாருங்க, ரகோசின், யானோவ்ஸ்கி 8½, டார்டகோவர் 8, பாக்மன் 7½, ஸ்டோல்ட்ஸ் 6½, லாயோஸ் ஸ்டைனர் 5½, கடைசில 4½-ல நான் முன்னாடி சொன்ன எரிக் லுண்டின்.

இப்ப இந்த இருபது பேருக்கும் பின்னாடி என்ன பட்டம் வந்துச்சுன்னு ஒரு மதிய நேரம் உக்காந்து எழுதிப் பாத்தேன். 1950-லதான் ஃபிடே முதல் தடவையா அதிகாரபூர்வமா டைட்டில் குடுத்தாங்க, 27 பேர் கிராண்ட்மாஸ்டர், அதுக்கு ஒரு படி கீழ 94 பேர் இன்டர்நேஷனல் மாஸ்டர் (ஐஎம்). அந்த 27-ல சால்ட்ஷோபாடன்ல மேல இருந்த ஒன்பது பேரும் இருக்காங்க, கூடவே பூக்குக்கு கீழ முடிச்ச ரகோசினும் டார்டகோவரும் இருக்காங்க. பூக் ஐஎம் லிஸ்ட்ல. அதுக்கப்புறம் அவரோட சமமா நின்ன கிளிகோரிச் 1951-ல ஜிஎம், பிர்ச் 1953, மேல இருந்த ட்ரிஃபுனோவிச்சும் 1953, கீழ இருந்த பாக்மனும் ஸ்டோல்ட்ஸும் 1954, யானோவ்ஸ்கி 1964. இருபது பேர்ல கடைசி வரைக்கும் முழு ஜிஎம் ஆகாம போனது மூணே மூணு பேரு, ஸ்டைனர், லுண்டின், பூக். மத்த ரெண்டு பேரும் டேபிளோட அடில இருந்தவங்க, இவரு மட்டும் நடுவுல. அன்னைக்குதான் எனக்கு உறைச்சுது, கிளாஸ்ல இவர பத்தி பேசுன விதம் தப்புன்னு.

உடனே "அநியாயம்"னு கொடி புடிக்க வேணாம், நானே எனக்கு எதிரா வாதாடிக்கறேன். டார்டகோவருக்கு அப்ப 61 வயசு, அவருக்கு 1950-ல குடுத்தது அவரு வாழ்க்கை பூரா ஆடுனதுக்கு, ஒரு டோர்னமெண்ட்ல கீழ போனார்னு அவரோட ஒப்பிடுறது முறையில்ல. ரகோசினுக்கும் முன்னாடியே சோவியத்துல பெரிய ரிசல்ட்ஸ் உண்டு. அப்புறம் ஒரே ஒரு டோர்னமெண்ட் டேபிள வச்சு ஒருத்தர எடை போடுறது ஆபத்தான வேலை, யாருக்கும் ஒரு நல்ல மாசம் அமையும், ஒரு கெட்ட மாசமும் அமையும், லுண்டினும் 4½ பாயிண்ட் பிளேயர் கிடையாது. அதனால "1948-ல பூக் ஜிஎம் லெவல்ல இருந்தாரு"ன்னு மட்டும் தைரியமா சொல்வேன். "எப்பவுமே அந்த லெவல்"னு சொல்ல மாட்டேன். பழைய பிளேயர்ஸுக்கு பின்னோக்கி கணக்கு போட்ட ரேட்டிங் நெட்ல கிடைக்குது, ஃபிடே ரேட்டிங்கே 1970-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி காலத்துக்கு போடுற நம்பர் எல்லாம் மதிப்பீடுதான், ஒரு பாயிண்ட் ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்துக்கு அத காட்டி சண்டை போடாதீங்க.

அப்ப ஏன் அவருக்கு மட்டும் வண்டி நின்னுச்சு? எனக்கு தெரிஞ்சு ரெண்டு காரணம், ஒண்ணு வரலாறு, இன்னொண்ணு சம்பளம். வரலாறு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 1939 நவம்பர் 30-ல சோவியத் படை ஃபின்லாந்துக்குள்ள வருது, 1940 மார்ச் வரைக்கும் குளிர்காலப் போர், மறுபடி 1941-ல இருந்து 1944 செப்டம்பர் வரைக்கும் அடுத்த போர். பூக்குக்கு அப்ப 29-ல இருந்து 34 வயசு. ஒரு செஸ் பிளேயருக்கு இதுதான் உச்சமான வயசு, அந்த அஞ்சு வருஷமும் நாடே தீயில இருந்துச்சு. போர் முடிஞ்சதும் சோவியத்துக்கு 30 கோடி டாலர் நஷ்ட ஈடு, அத மெஷினும் கப்பலுமா செஞ்சு குடுத்து 1952-லதான் தீர்த்தாங்க. இன்ஜினியர்களுக்கு அந்த நாட்டுல ஓய்வே இல்லாத காலம் அது.

பக்கத்து நாட்டு ஸ்டால்பெர்க்க பாருங்க, 1908-ல பொறந்தவரு, பூக்க விட ரெண்டு வயசு மூத்தவரு. 1939-ல புவெனஸ் ஐரிஸ் ஒலிம்பியாட் நடந்துட்டு இருக்கும்போதே ஐரோப்பால போர் வெடிச்சது, அவரு அர்ஜென்டினாவுலயே தங்கிட்டாரு, நஜ்டோர்ஃபும் அப்படித்தான். அங்க போர் இல்ல, வருஷா வருஷம் நல்ல டோர்னமெண்ட், நல்ல எதிராளி, முழு நேரமும் செஸ். 1948-ல ஐரோப்பாவுக்கு திரும்பி வந்தாரு, சால்ட்ஷோபாடன்ல 10½ எடுத்தாரு. பூக் 9½. அந்த அத்தனை வருஷ வித்தியாசமும் டேபிள்ல ஒரே ஒரு பாயிண்ட்டா தெரியுது. அது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது, உங்களுக்கு எப்படியோ.

ரெண்டாவது காரணம் சம்பளம். 1950-க்கு அப்புறம் ஜிஎம் ஆகணும்னா சும்மா ஸ்ட்ராங்கா இருந்தா போதாது, ஸ்ட்ராங்கா இருக்கறத பெரிய டோர்னமெண்ட்ல திரும்பத் திரும்ப காட்டணும், அன்னைக்கு ஒவ்வொரு பெரிய டோர்னமெண்ட்டும் மூணு வாரம், நாலு வாரம் இழுக்கும், ஆட்டம் முடியலன்னா சீல்டு மூவ், அதாவது அடுத்த மூவ, எழுதி கவர்ல போட்டுட்டு மறுநாள் வந்து தொடரணும். கிளிகோரிச்சுக்கு செஸ்ஸே வாழ்க்கை, ஊர் ஊரா போனாரு. வேலைக்கு போற ஒருத்தர் வருஷத்துக்கு எத்தன தடவ ஆபீஸ்ல ஒரு மாசம் லீவு கேப்பாரு, கேட்டாலும் யாரு குடுப்பா? பூக் ஏன் இன்னும் அதிகமா வெளிநாடு போகலங்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். இது என் ஊகம், வேலைக்கு போய்க்கிட்டே ஆடுறவங்கள இவ்ளோ வருஷமா பக்கத்துல இருந்து பாத்த அனுபவத்துல சொல்றது. நல்லா ஆடிட்டு இருந்த என் ஸ்டூடன்ட் ஒருத்தன் பேங்க் வேலைக்கு போனதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு வீக்எண்ட் டோர்னமெண்ட், அதுவும் லோக்கல்லதான், அவ்ளோதான் முடியுது.

வெஸ்டெரினென் கதை வேற காலம், வேற விதம். 1944-ல ஹெல்சிங்கில பொறந்தவரு, 1965, 1966, 1968, 1970 நாலு தடவ ஃபின்லாந்து சாம்பியன், 1962-ல இருந்து முப்பது வருஷத்துக்கு மேல ஒலிம்பியாட் டீம்ல. ஆட்டமும் சும்மா இருக்காது, காய குடுத்து அட்டாக் பண்றதுல ஒரு ஆசை, தோத்தாலும் பாக்க சுவாரஸ்யமா தோக்கற ஆளு. ஜிஎம் ஆன அதே 1975-ல டார்ட்மண்ட் டோர்னமெண்ட்டையும் ஜெயிச்சாரு. பூக்குக்கு கிடைக்காத ஒண்ணு அவருக்கு கிடைச்சுது, செஸ்ஸையே தொழிலா வச்சுக்க முடியுற காலம், நிறைய டோர்னமெண்ட், நார்ம்க்கு தெளிவான விதி. இதுல வேடிக்கை என்னன்னா இவரும் நிறைய பேருக்கு தெரிய வந்தது 1974 நீஸ் ஒலிம்பியாட்ல கார்போவ் கிட்ட தோத்த கேம்லதான், அடுத்த வருஷம் கார்போவ் உலக சாம்பியன் ஆயிட்டாரு. ஃபின்லாந்துக்காரங்களுக்கு இது ஒரு ராசி போல. ரெண்டு பேருக்கும் நடுவுல கார்லே ஓயனென்னு ஒருத்தர் இருக்காரு, 13 தடவ நேஷனல் சாம்பியன், அவரும் ஐஎம்மோட நின்னுட்டாரு, அவர பத்தி தனியா யாராவது கேட்டா எழுதுறேன்.

ஆக உங்க கேள்விக்கு வர்றேன். கௌரவ பட்டம் எல்லாமே ஒரே மாதிரி கிடையாது, சிலருக்கு அது நிஜமாவே பொன்னாடை, செஸ்ஸுக்கு பண்ண சேவைக்கு போத்துறது. பூக் விஷயத்துல அது 36 வருஷம் லேட்டா வந்த அரியர்ஸ், சால்ட்ஷோபாடன் டேபிள காட்டி கேட்டா யாரும் மறுக்க முடியாத கணக்கு. போர் இல்லாம, வேலை இல்லாம முழு நேரம் ஆடியிருந்தா உலகத்துல முதல் பத்துக்குள்ள வந்திருப்பாரான்னு கேட்டீங்கன்னா, நான் மாட்டார்னுதான் சொல்லுவேன், கெமெரி மாதிரி இடத்துல மேல நின்னவங்க அவர விட ஒரு படி மேல இருந்தாங்க, அது போருக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். ஆனா 1950கள்லயே முழு ஜிஎம் ஆகியிருப்பாரான்னா, ஆமா, அதுல எனக்கு பெரிய சந்தேகம் இல்ல. பட்டம் வந்து ஆறு வருஷம் கூட ஆகல, 1990 ஜனவரில காலமானாரு, 80 ஆக ஒரு மாசம் இருந்துச்சு.

அந்த மார்கேட் கேம மறுபடி பாப்பீங்கன்னா இந்த தடவ போர்ட திருப்பி வச்சு கருப்பு பக்கம் இருந்து பாருங்க. நான் இப்ப கிளாஸ்ல அப்படித்தான் காட்டுறேன், பதினாறாவது மூவுல அலெக்கைன் சி3-ல சிப்பாய எடுத்ததும் நிறுத்திட்டு "நீ பூக், ஒரு யானை மேல இருக்க, கருப்புக்கு என்ன ஆடுவ"ன்னு கேப்பேன். போன மாசம் ஒரு எட்டாங்கிளாஸ் பையன் பத்து நிமிஷம் போர்டையே பாத்துட்டு ராஜாவ இ7-ல வச்சுட்டு "சார் வேற எதுவும் எனக்கு பிடிக்கல"ன்னான். பூக்கும் அததான் ஆடுனாரு.